உசிலம்பட்டிக்கு மட்டும் ஐந்து

மாப்ள,

போன ஞாயிற்றுக்கிழமை கயல் என் வீட்டுக்கு வந்திருந்தாள். நாகமலை புதுக்கோட்டை வீட்டில் உன் மேசையை ஒதுக்கும்போது அகப்பட்டது என்று ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நம் பத்திரிகையின் பழைய தாளை மடித்து நீயே அதற்கு அட்டை போட்டிருந்தாய். விரித்ததும் பழுத்துப்போன அச்சுத்தாளின் வாசனை வந்தது. முப்பது வருடம் மூக்கில் ஏறிய வாசனைதான். ஆனால் உன் கையெழுத்தோடு சேர்ந்து வந்ததால் கொஞ்ச நேரம் நான் பக்கத்தைப் புரட்டவில்லை.

முதல் பக்கத்தில் ஊர்ப் பெயர்கள், எதிரே எண்கள். திருமங்கலம் 7. பரவை 7. சோழவந்தான் 6. பேரையூர் 6. செக்கானூரணி 6. உசிலம்பட்டி 5. அந்த ஐந்தைச் சுற்றி மட்டும் சிவப்பு மையில் ஒரு வட்டம். அதற்கடுத்த பக்கங்களில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தாய். புரோகிராமை மாற்றி ஊர்களுக்கு அனுப்பிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி. தேதி, என்ன மாற்றம், கடைசிக் கட்டத்தில் ஒரு டிக். அந்தக் கட்டத்துக்கு நீ வைத்த தலைப்பு, ‘உசிலம்பட்டி ஓடியது’. மொத்தம் நாற்பத்தொரு வரிகள். கயல் எண்ணியிருக்கிறாள். நாற்பதில் டிக் இருக்கிறது. கடைசி வரியில் இல்லை.

“அப்பா ஒண்ணு விடாம டிக் போட்டிருக்காரு. இதுல மட்டும் இல்ல. அதுக்கப்புறம் நோட்டுல ஒண்ணுமே எழுதல. ஏன் மாமா?”

“மறந்திருப்பான்,” என்றேன்.

“அப்பாவா?” என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை. அவளும் உன்னைப்போல் ஜாவாவில் புரோகிராம் எழுதுகிறவள்தானே. நான் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. காபியைக் குடித்துவிட்டு நோட்டை என்னிடமே விட்டுப் போனாள்.

அந்தக் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நீ. போன மாசியில் போய்விட்டாய். மற்றவன் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அலுவலகத்தில் நான் புறநகர்ப் பக்கத்துக்குப் பொறுப்பாளன், நீ சிஸ்டம் பிரிவு. ஊர்களில் இருந்த பகுதிநேர நிருபர்கள் ஒரு காலத்தில் செய்தியைக் கையால் எழுதி, கவரில் போட்டு, மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார்கள். சில கவர்கள் ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் இறங்காமல் பஸ்ஸோடு டெப்போவுக்குப் போய்விடும். அதற்காகத்தான் நீ அந்தப் புரோகிராமை எழுதினாய். ஊரில் இருந்து தட்டச்சு செய்து ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தினால், நம் அலுவலக எழுத்துருவுக்கு மாறி என் கணினிக்கு வந்துவிடும். நிர்வாகம் கழித்துப்போட்ட கணினிகளை நீயே திறந்து, தூசி தட்டி, ஓட வைத்து, ஒவ்வொன்றாக ஊர்களுக்கு அனுப்பினாய். அவற்றிலேயே பழையது உசிலம்பட்டி பால்ச்சாமிக்குப் போனது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். கடைப் பலகையில் அவன் பெயருக்குக் கீழே ‘நிருபர்’ என்று மஞ்சள் எழுத்தில் எழுதியிருக்கும்.

நான் கேட்டதற்காக ஒருநாள் கேன்டீனில் உட்கார்ந்து எனக்கு விளக்கினாய். நீ எழுதுவதைக் கணினி அப்படியே ஓட்டாது. கம்பைலர் அதை வேறு வடிவத்துக்கு மாற்றித் தர வேண்டும். அந்த வடிவத்தை ஓட்டுவதற்கு ஒவ்வொரு கணினியிலும் ஜாவா என்று ஒன்று போட்டிருக்கும். அதில் ஐந்து, ஆறு, ஏழு என்று பதிப்புகள். புதிய பதிப்பு பழையதைப் படிக்கும், பழையது புதியதைப் படிக்காது. உன் கணினியில் இருப்பது ஏழு. பால்ச்சாமியிடம் இருப்பது ஐந்து. அதற்குமேல் போட்டால் அவன் கணினி நகராது. ஆகவே நீ ஏழில் எழுதி, ஐந்தில் ஓடும்படி மாற்றி அனுப்ப வேண்டும்.

ஐந்துக்கு மாற்று என்று கம்பைலரிடம் சொன்னால் மாற்றிக் கொடுத்துவிடாதா என்று கேட்டேன்.

“மேல அஞ்சுன்னு நம்பர் போட்டுக் குடுத்துரும் மாப்ள. உள்ள நான் என்னத்தக் கூப்பிட்டிருக்கேன்னு பாக்காது. நீ இன்னைக்குப் பேப்பர்ல, நேத்துச் சொன்ன அதே காரணத்தாலன்னு எழுதுற. நேத்துப் பேப்பர் போகாத ஊருக்கு இன்னைக்குப் பேப்பர் மட்டும் போனா, அவன் என்னத்தன்னு படிப்பான்?”

எனக்குப் புரிந்துவிட்டது. புதிய பதிப்புகளில் சேர்த்த வசதிகள் பழையதில் இல்லை. அவற்றில் ஒன்றை நீ மறந்துபோய்ப் பயன்படுத்திவிட்டால் உன் கணினி ஒன்றும் சொல்லாது. பால்ச்சாமியின் கணினியும் திறக்கும்போது ஒன்றும் சொல்லாது. ஓடிக்கொண்டே இருந்து, அந்த ஒரு வரியைத் தொடும்போதுதான் நின்றுபோகும். அதனால்தான் பால்ச்சாமியின் கணினிக்கு இணையாக இன்னொரு பழைய பெட்டியைத் தேடிப் பிடித்து, அதிலும் ஐந்தைப் போட்டு, உன் மேசைக்கு அடியில் வைத்திருந்தாய். அதன் நெற்றியில் ஒரு காகிதத்தில் ‘உசிலம்பட்டி’ என்று எழுதி ஒட்டியிருந்தாய். எந்த மாற்றமானாலும் அதில் ஒருமுறை ஓடாமல் வெளியே போகாது. அது எழுந்திருக்கவே ஆறேழு நிமிடம் ஆகும். “என்னண்ணே, உசிலம்பட்டி முழிச்சிருச்சா?” என்று டீ கொண்டுவருகிறவர்கூடக் கேட்பார். “இப்பத்தான் பல்லு வெளக்குது,” என்பாய்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

நிருபர்கள் பலர் தலைப்பு போடாமலே செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நூறு செய்திக்கும் நானே உட்கார்ந்து தலைப்பு போட வேண்டியிருந்தது. தலைப்புக் கட்டம் காலியாக இருந்தால் செய்தி போகக் கூடாது, அதைப் பார்க்கும்படி புரோகிராமை மாற்று என்று உன்னைக் கேட்டது நான். நீ அந்த வாரமே எழுதி முடித்துவிட்டாய். ஆனால் முந்தின நாள் உன் மேசைக்கு அடியில் இருந்த பெட்டியின் பவர் சப்ளை புகைந்துவிட்டது. வேறொன்று திங்கட்கிழமை வரும், அதில் ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புகிறேன் என்றாய். எனக்குச் சனிக்கிழமை முதல் மூன்று நாள் விடுப்பு. என் மகளுக்கு நிச்சயதார்த்தம். நான் இல்லாத நாட்களில் தலைப்பில்லாமல் செய்திகள் வந்து குவியும், எனக்குப் பதிலாக உட்காருகிறவன் சொதப்புவான் என்பதுதான் என் கவலை. இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை என்பதை எழுதும்போது கூசுகிறது.

“திங்கக்கிழமை மாப்ள,” என்றாய் இரண்டாவது முறையாக.

அப்போது பிரிவில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னேன்: “எம்புட்டு நாளைக்குய்யா அந்தச் செத்த பெட்டியக் கும்பிட்டுக்கிட்டுக் கெடப்ப? உங்க ஊருப் பக்கத்து ஆளுங்கிறதால அவன மட்டும் மடியில வச்சிருக்க.”

சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. உனக்கும் உசிலம்பட்டிப் பக்கம்தான் ஊர். ஊர்க்காரனுக்குச் சலுகை காட்டுகிறான் என்ற பேச்சு உனக்கு ஆகவே ஆகாது என்று தெரிந்துதான் அதைச் சொன்னேன். ஒருவனுக்கு எங்கே வலிக்கும் என்று கண்டுபிடிப்பது எங்கள் தொழிலில் பாதி.

நீ நாற்காலியைத் திருப்பிக் கம்பைலரை ஓட்டினாய். திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. நான் உன் தோளுக்கு மேல் குனிந்து, தப்பா என்று கேட்டேன். இல்லை, எச்சரிக்கை என்றாய். என்ன சொல்கிறது என்று கேட்டேன்.

“அஞ்சுக்கு மாத்தச் சொல்ற, அஞ்சுல என்னென்ன வசதி இருக்குங்கிற லைப்ரரி எங்க இருக்குன்னு சொல்லலையேங்குது.”

“அதுனால நிக்காதுல்ல?”

“இங்க நிக்காது.”

“அப்பப் போடு.”

உன் கை விசைப்பலகைக்கு மேலே சற்று நேரம் நின்றது. பிறகு போட்டாய். உடனே பால்ச்சாமிக்குப் போன் செய்து திறக்கிறதா என்று கேட்டாய். ஸ்பீக்கரில் அவன் குரல் எனக்கும் கேட்டது. “தொறக்குதுண்ணே. பளிச்சுன்னு இருக்கு.” நான் உன் முதுகில் தட்டிவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு ஊரில், பொதுக்கிணற்றில் தூர்வாரிக்கொண்டிருந்தபோது சுற்றுச்சுவர் சரிந்து உள்ளே இறங்கியிருந்த இருவர் இறந்துபோனார்கள். சுவர் விரிசல் விட்டிருக்கிறது என்று அவர்கள் முதல் நாளே சொல்லியும் கான்ட்ராக்டர் இறக்கிவிட்டிருக்கிறார். பால்ச்சாமி நேரில் போய், எல்லோரிடமும் கேட்டு, கான்ட்ராக்டரின் பெயரோடு எழுதினான். இறந்தவர்களில் ஒருவரின் மனைவி பேச்சியம்மாள். நாளைக்கு நம்ம பேப்பரில் எல்லாம் வந்துவிடும் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். கடைக்கு வந்து தட்டச்சு செய்து ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தினான். பிழை என்று ஒன்றும் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. போய்விட்டது என்று நினைத்துக்கொண்டான். அலுவலகத்துக்குப் போன் செய்து வந்ததா என்று கேட்டதற்கு, யாரோ பார்க்காமலே வந்திருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். நான் இருந்திருந்தால் பார்த்திருப்பேன். நான் மண்டபத்தில் இருந்தேன்.

ஞாயிறு காலை எல்லாப் பேப்பரிலும் அந்தச் செய்தி வந்திருந்தது. கான்ட்ராக்டரின் பெயர் எதிலும் இல்லை. நம் பேப்பரில் செய்தியே இல்லை. பால்ச்சாமி கான்ட்ராக்டரிடம் பணம் வாங்கிக்கொண்டு செய்தியை அமுக்கிவிட்டான் என்று அன்று மத்தியானத்துக்குள் அந்த ஊர் முழுக்கப் பேச்சு. மற்ற ஊர்களிலிருந்து செய்திகள் ஒழுங்காக வந்திருந்தன. வராதது உசிலம்பட்டியிலிருந்து மட்டும்தான். அதனால் நிர்வாகமும் அதையே நம்பியது.

திங்கட்கிழமை பவர் சப்ளை வந்ததும் நீ அந்தப் பெட்டியில் புரோகிராமை ஓட்டினாய். திறந்தது. தட்டச்சு செய்ய முடிந்தது. ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தியதும் அப்படியே நின்றது. தலைப்புக் கட்டம் காலியா என்று பார்ப்பதற்கு நீ பயன்படுத்திய வசதி ஆறாம் பதிப்பில்தான் வந்ததாம். ஐந்தில் அது இல்லை. காலியா இல்லையா என்று கேட்கும் ஒரு சின்னச் சொல். நான் கேட்டு வாங்கிய மாற்றம்.

அன்று மாலையே நிர்வாகத்துக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினாய். பால்ச்சாமி செய்தியை அனுப்பியது உண்மை, சோதிக்காமல் புரோகிராமை வெளியிட்டது என் தவறு, வேறு யாருக்கும் இதில் பொறுப்பில்லை. செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குத் திரும்பியபோது அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, தமிழ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாய். நான் பேனாவை எடுத்தேன், மாப்ள. இரண்டு இடத்தில் ஒற்று விட்டிருந்தாய், போட்டேன். ஒரு வாக்கியம் நீளமாக இருந்தது, பிரித்துவிட்டேன். ‘வேறு யாருக்கும்’ என்ற வரியில் ஒரு தப்பும் இல்லை. அதைக் கடந்து போனேன். “சரியா இருக்கு,” என்று திருப்பிக் கொடுத்தேன். நீ என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு எடுத்துப் போனாய்.

அதற்குள் பால்ச்சாமியை நீக்கிவிட்டு, லேப்டாப் வைத்திருக்கும் வேறொருவரை உசிலம்பட்டி நிருபராகப் போட்டாகிவிட்டது. போட்ட ஆளை எடுக்க முடியாது என்றார்கள். உன் கடிதத்தைக் காரணம் காட்டி அந்தப் புரோகிராமையும் நிறுத்தினார்கள். ‘எங்கள் நிருபர் உரிய நேரத்தில் அனுப்பியும் தொழில்நுட்பக் கோளாறால் செய்தி எங்களை வந்து சேரவில்லை’ என்று நான்கு வரியில் ஒரு விளக்கம் போட்டிருந்தால் ஊரில் அவன் பெயர் மீண்டிருக்கும். அதை எழுதினேன். ஆசிரியரிடம் கொடுக்கவில்லை. யார் அவசரப்படுத்தியது என்று அவர் கேட்பார். எத்தனையோ பேருடைய தவறுகளுக்குத் திருத்தம் எழுதியவன், இந்த நான்கு வரியை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

அந்த வாரக் கடைசியில் நீ உசிலம்பட்டி போய்ப் பால்ச்சாமியைப் பார்த்தாய். திரும்பி வந்து என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாய். உன் தப்புதான் என்று நீ சொன்னதும் அவன், “நீங்க மிசின் மேல தப்புங்கிறீக. ஊரு எம் மேல தப்புங்குதுண்ணே. ஊருக்கு வந்து சொல்வீகளா?” என்று கேட்டானாம். கிணறு சரிந்த அந்த ஊருக்கும் நீ தனியாகப் போயிருக்கிறாய். துக்க வீட்டுக்கு முன்னால் நின்றவர்கள், பேப்பர்காரர்கள் எல்லோரும் ஒன்று என்று சொல்லி உன்னை உள்ளே விடவில்லை. பலகையில் இருந்த ‘நிருபர்’ என்ற சொல்லின் மேல் பால்ச்சாமி நீலப் பெயின்ட் அடித்துவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டோம். உன்னிடம் அதன்பின் அவன் பேசவில்லை. நீ போன் செய்தால் எடுக்கமாட்டான்.

நீ என்னோடு பேசாமல் இருந்திருக்கலாம். பேசினாய். என் மகள் கல்யாணத்தில் முதல் நாளே வந்து பந்தியை மேற்பார்த்தாய். என் மேல் நீ கோபப்பட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு நானும் வாய் திறந்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நீ அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை.

மூன்று வருடம் கழித்து ஒருநாள் என் மேசைக்கு வந்தாய். முகத்தில் ஒரு வெளிச்சம். ஜாவாவின் புதிய பதிப்பில் இப்போது ஒரு வழி வந்திருக்கிறது என்றாய். எந்தப் பழைய பதிப்புக்கு என்று ஒரு சொல்லில் சொன்னால் போதும், அந்தப் பதிப்பில் இல்லாத எதையும் கம்பைலர் ஏற்றுக்கொள்ளாது. எச்சரிக்கையோடு விடாது, பிழை என்று நிறுத்திவிடும். “பெட்டி வேண்டியதில்ல மாப்ள. அங்கயே நின்னுரும்.” சொல்லி முடித்ததும், அதைப் போட்டு ஓட்ட உன்னிடம் இப்போது புரோகிராம் இல்லை என்பது நம் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. நான் டீ சாப்பிடப் போகலாமா என்றேன். வேலை இருக்கிறது என்று போய்விட்டாய்.

பிறகு சர்க்கரை உன் சிறுநீரகத்தில் கை வைத்தது. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். செவ்வாய்க்கிழமைகளில் கயலின் அம்மாவுக்கு, தங்கச்சிக்கு, பதிலாக நான் உன்னோடு உட்காருவேன். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் எத்தனை நாள் வரும் என்று கணக்குப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் அரசியல் பேசுவார், நீ கேட்டுக்கொண்டிருப்பாய், நான் பேப்பர் படிப்பேன். ஒரு செவ்வாய்க்கிழமை கண்ணை மூடிக்கொண்டே கேட்டாய்.

“பால்ச்சாமி எப்படி இருக்கான் மாப்ள?”

“நல்லா இருக்கான்.”

நான் அவனைப் பார்த்தே ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. “அப்பச் சரி,” என்றாய். உன் கட்டை விரல் போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்ததில்லை. இயந்திரம் ஓடும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

உன் இறுதிச் சடங்குக்கு ஊர்களில் இருந்த பழைய நிருபர்கள் எல்லோரும் வந்தார்கள். பேரையூர், சோழவந்தான், திருமங்கலம். பால்ச்சாமி வரவில்லை. வந்தவர்களில் இரண்டொருவர் அதைச் சொல்லிக் குறைபட்டார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

கயல் நோட்டை விட்டுப் போன மறுநாள் காலையில் அவளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், “அப்பா ஒரு தடவகூட உங்க பேரச் சொல்லல மாமா,” என்றாள். போனை வைக்கும்போது, சாப்பிட்டீங்களா என்று எப்போதும் கேட்பதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். நாகமலை புதுக்கோட்டையில் நின்றபோது பழக்கத்தில் எழுந்துவிட்டேன், கண்டக்டர் உசிலம்பட்டி டிக்கெட்தானே என்று நினைவூட்டினார்.

பால்ச்சாமியின் கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. அவனுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. இப்போது ஜெராக்ஸோடு, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருகிறான். “வாங்கண்ணே,” என்றான். உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். வெள்ளிக்கிழமை நடந்தது, நான் சொன்ன பேச்சு, எச்சரிக்கை வரி, கடிதத்தில் நான் போட்ட ஒற்றுகள், எல்லாம். அவன் யாருடைய தாள்களையோ அடுக்கிப் பின் அடித்துக்கொண்டிருந்தான். அந்த ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனான்.

“அவரு சாவுக்கு நான் வரலண்ணே,” என்றான் பிறகு. “தகவல் லேட்டா வந்துச்சுன்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டேன். மொத நாளே தெரியும். பஸ் ஸ்டாண்டுல மதுர வண்டியில ஏறி உக்காந்துட்டேன். வண்டி எடுக்கவும் எறங்கிட்டேன்.”

மேசையில் சிதறிக் கிடந்த பின்களை விரலால் கூட்டிச் சேர்த்தான்.

“இத அவரு இருக்கயில சொல்லிருந்தீகன்னா…” என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. ஸ்டேப்ளரை எடுத்து மேசை டிராயரில் போட்டு மூடினான். “எங்கிட்டச் சொல்லி என்னண்ணே ஆகப்போகுது. பேச்சியம்மா வீட்டுல வந்து சொல்லுங்க.”

கிளம்பும்போது அலமாரியில் ஒரு ஃபைலைத் தேடி அதிலிருந்து ஒரு தாளை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவனுடைய வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனேன். அந்த ஊர் வழியாகப் போவதை இத்தனை வருடமும் தவிர்த்து, சுற்றிப் போகும் பாதையிலேயே போய் வந்ததாகச் சொன்னான். ஊருக்குள் நுழைந்ததும் வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது.

பேச்சியம்மாள் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என்னை யார் என்று தெரியவில்லை. பால்ச்சாமியைத் தெரிந்தது. முகம் இறுகியது. அவன் வேப்பமரத்தடியிலேயே வண்டியோடு நின்றுவிட்டான். நான் போய், பேப்பரில் வேலை பார்க்கிறவன் என்று சொல்லி, அவருக்குப் புரியும்படி சொன்னேன். பால்ச்சாமி யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. அன்றைக்கே எழுதி அனுப்பினார். அனுப்புகிற புரோகிராமில் கோளாறு. அதைச் செய்தவர் சோதிக்காமல் கொடுக்க மாட்டேன் என்றார், நான்தான் வற்புறுத்திக் கொடுக்க வைத்தேன். அவர் ஒருமுறை இங்கே சொல்ல வந்தபோது உள்ளே விடவில்லை.

பேச்சியம்மாள் வாளியைக் கீழே வைத்தார். மரத்தடியைப் பார்த்து, “ஏன் அங்கன நிக்கிறீக, வாங்க,” என்றார். பால்ச்சாமி வந்தான். பையில் இருந்த தாளை எடுத்து என்னிடம் நீட்டினான். தட்டச்சு செய்வதற்கு முன் அவன் கையால் எழுதிய செய்தி. எப்போதும் அப்படி எழுதி வைத்துக்கொள்வான் என்பதை மறந்துபோயிருந்தேன். தலைப்பு போட்டிருந்தான், மாப்ள. அடிக்கோடிட்டு, தெளிவாக.

“வாசிங்க,” என்றார் அவர்.

வாசித்தேன். பன்னிரண்டு வரி. யார், எங்கே, எப்போது, சுவரில் விரிசல் இருப்பதை முதல் நாளே சொன்னது, அதன்பின்னும் இறக்கிவிட்டவரின் பெயர், இறந்த இருவரின் பெயர், வயது, பிள்ளைகள். ஒரு சொல்லைக்கூட நான் மாற்றியிருக்க மாட்டேன். பேச்சியம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“எங்க வீட்டுக்காரரு பேர இவருதான் சரியாப் போட்டிருக்காரு,” என்றார். “மத்த பேப்பர்லயெல்லாம் வேற யாரு பேரையோ போட்டாக.”

பால்ச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவர் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து முதலில் அவனுக்குக் கொடுத்தார். பிறகு எனக்கு. நான் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

“அந்தத் தம்பிக்கிட்ட இதச் சொல்லிட்டீகளா? எந் தப்புதான்னு?”

“இல்லம்மா. இறந்துட்டாரு.”

“இருக்கயில?”

“இல்ல.”

அவர் செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். திட்டவில்லை. திரும்பி வரும் வழியில், நாகமலையில் உன் வீடு எந்தப் பக்கம் என்று பால்ச்சாமி கேட்டான், சொன்னேன். தங்கச்சியைப் பார்க்க இந்த வாரம் வருவான்.

உன் கட்டத்தில் நான் டிக் போடப் போவதில்லை. நோட்டைக் கயலிடமே கொடுத்துவிடுவேன், அது அவளுடையது. இப்போது மதுரையில் உன் மகளுக்கும், உசிலம்பட்டியில் பால்ச்சாமிக்கும், என்னை யாரென்றே தெரியாத ஒரு பெண்ணுக்கும் நான் செய்தது தெரியும். ஒவ்வொருவரிடமும் சொன்னபோது கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன். குறைந்தது, உண்மைதான். மிச்சமிருப்பது, பேச்சியம்மாளுக்குச் சொன்ன அந்த இரண்டாவது ‘இல்ல’. உண்மையைச் சொல்ல வேண்டியவனிடம் சொல்லாமல், நாற்காலியை இழுத்துப்போட்டு, பேப்பரை விரித்து, நான்கு நான்கு மணி நேரமாக உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், மாப்ள. செவ்வாய்க்கிழமை வந்தால் இப்போதும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அந்த நேரத்துக்குச் சட்டையைப் போட்டுவிடுகிறேன்.